கொழும்புக்கும் லண்டனுக்கும் நடுவே நாலு ரக்அத்

மகனே, ஸலாம். நீ அனுப்பிய விமானக் கடிதம் நேற்று மத்தியானம் கடைக்கு வந்து சேர்ந்தது. வெளியே ஹட்டன் மழை. தபால்காரர் அதை மழைக்கோட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் உன் உம்மா பின்கட்டிலிருந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். உன் கடிதம் வந்தால் மட்டும் அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்கிறதோ! வாசித்துக் காட்டினேன். லண்டன் விமான நிலையத்துக்கும் நம் கட்டுநாயக்காவுக்கும் நடுவே ஐயாயிரத்துச் சொச்ச மைல் என்று எழுதியிருந்தாய். வழியில் நாலு இடத்தில் இறங்கி ஏறினாலும் ஒரு பகலும் ஒரு இரவும் போதுமாம். போகும்போது கப்பலில் மூன்று வாரம் வாந்தியெடுத்துக்கொண்டு போன தூரத்தை, இப்போது இரண்டு வேளை சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் தாண்டிவிடுவாயாம். "உலகம் சுருங்கிவிட்டது வாப்பா" என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். அதற்குக் கீழே, தங்கையின் நிக்காஹ்வுக்கு முதல் நாள் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, இடம் போதாத ஓரத்தில் எழுத்தை நெருக்கி, அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொல்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு வரி.

உன் உம்மாவுக்குக் கடிதத்தின் மேல் பாதி மட்டுந்தான் காதில் விழுந்தது. "ஒரே நாள்லயா? மழை நாள்ல பொகவந்தலாவைக்கு பஸ்ல போய்ட்டு வர்றதுக்கே பொழுது சாஞ்சிடுதுங்க! இனிமே புள்ள நெனச்சா நெனச்ச நேரம் வந்துட்டுப் போவான்" என்றாள். அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியாமல், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். நான் கீழ்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் புடவைக்கடைக்காரன். சுருங்குகிற சாமான் எதுவாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நனைத்துப் பார்க்கிற ஆள். உலகம் சுருங்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், மகனே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். விமானத்தில் வாசி, வேறு வேலை உனக்கு இருக்கப்போவதில்லை.

முதல் தடவை உன்னை ராமநாதபுரத்துப் பக்கம் நம் பழைய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ சின்னப் பையன், உன் தங்கை பிறக்கவில்லை. நான் பன்னிரண்டு வயதில் மாமாவின் கடைக்கு வேலைக்கு வந்த அதே வழியில்தான் திரும்பிப் போவது. ஹட்டன் ஸ்டேஷனில் பனிக்குள்ளே ரயில் ஏறி, பொல்கஹவெலவில் இறங்கி மாறி, தலைமன்னாருக்குப் போய், கப்பலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயில், அப்புறம் மாட்டு வண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "ஊர் வந்துடுச்சா வாப்பா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தாய். எதிரே உட்கார்ந்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு, "தவ டிக்கய் புதே" என்று உன் கன்னத்தைத் தட்டினார். இன்னும் கொஞ்சந்தான் மகனே என்று அர்த்தம். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். கப்பலில் உன் உம்மா தலைசுற்றி என் மடியில் சாய்ந்து கிடந்தபோது, அவள் நெற்றியைத் தடவி "தவ டிக்கய் உம்மா, தவ டிக்கய்" என்று நீ சொன்னதைக் கேட்டு மேல்தட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அந்தக் கஷ்டத்திலே சிரித்தாள். இப்போதும் அடுப்பில் சோறு வேக நேரமானால் அவள் எனக்கு அதைத்தான் சொல்கிறாள்.

அந்தப் பயணத்துக்கு உன் உம்மா செய்கிற ஏற்பாட்டில் முக்கியமானது பேரிக்காய்ப் பெட்டி. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் பேரிக்காயைக் கல்லாக இருக்கும்போதே பார்த்து வாங்கி, தேயிலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்குவாள். நல்ல பழமாகப் பார்த்து எடுத்தால் தலைமன்னார் தாண்டுவதற்குள் அழுகிவிடும் என்பது அனுபவம். கல்லாகப் போன காய் ரயிலிலும் கப்பலிலும் ஆடி ஆடி, கீழ்நாட்டு வெயில் பட்டு, தனுஷ்கோடியில் லேசாக வாசம் விடும். மாட்டு வண்டியில் மஞ்சளாகும். என் வாப்பா வாசலில் நின்று பெட்டியைத் திறக்கும்போது சரியாகப் பழுத்திருக்கும். அவர் பேனாக்கத்தியால் துண்டு போட்டு, "எம் மவன் மலையில இருந்து கொண்டாந்தது" என்று தெருவுக்கே கொடுப்பார். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் நீளம் மைலில் இல்லை. ஒரு பேரிக்காய் பழுக்கிற நேரம், அவ்வளவுதான்.

அவ்வளவு பாடுபட்டுப் போகிறவன் ஒரு வாரத்தில் திரும்புவானா? இரண்டு மாதம், சில தடவை மூன்று மாதம். கடையை உன் மாமாவிடம் விட்டுவிட்டுப் போவேன். முதல் வாரம் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி. எனக்கென்று மீன் பொரிப்பார்கள், என் லாத்தா, அதுதான் என் அக்கா, உன் மாமி, விசிறியோடு பக்கத்திலேயே நிற்பாள். இரண்டாவது வாரம் மெதுவாக மகனாகிவிடுவேன். விசிறி போய்விடும். மூன்றாவது வாரம் வாப்பா திட்ட ஆரம்பிப்பார். "கடையப் போட்டுட்டு இங்க என்னடா பகல் தூக்கம்? கெணத்துக் கயிறு இத்துப்போய்க் கெடக்கு, கண்ணு தெரியலியா ஒனக்கு?" அந்தத் திட்டு விழுந்த அன்றுதான் நான் ஊருக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம். அதற்கு முந்தி வந்தது என் உடம்பு மட்டும். என் உள்ளே ஹட்டன் பனி விலகி, அந்த உப்புக்காற்று புகுந்து உட்கார அத்தனை நாள் வேண்டியிருந்தது.

பிறகு நாடு சுதந்திரமானது. கொஞ்ச நாளில் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. தோட்டத்துச் சனங்களுக்கு அந்தச் சட்டங்கள் என்ன செய்தன என்று உனக்குத் தெரியும், நீ கூடப் படித்த பையன்கள் எத்தனை பேருடைய அப்பாமார் அந்தக் கவலையில் கூனிப்போனார்கள் என்று நீயே பார்த்தாய். எங்களைப் போன்ற கடைக்காரர்களும் எந்த நாட்டுப் பக்கம் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் மேசைக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்து, அதிகாரி தலையைத் தூக்காமலே "கம கொஹேத?" என்று கேட்டார். உன் ஊர் எது என்று கேட்கிறார். சின்னக் கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன்கூடக் கேட்கிற கேள்வி. வாப்பாவின் வாசல் கண்ணுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. உனக்கு முன்னால் பிறந்து, நாற்பது நாள்கூட இருக்காமல் போன உன் காக்கா, எங்கள் மூத்த பிள்ளை, ஹட்டன் பள்ளிவாசலின் மையவாடியில் ஒரு சின்ன மேட்டுக்குக் கீழே படுத்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு உன் உம்மா எங்கேயும் வரமாட்டாள், நானும் போகமாட்டேன். "ஹட்டன்" என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அது பொய் இல்லை, மகனே. ஆனால் உண்மையைச் சொன்ன பிறகும் சில சமயம் அப்படி நடக்க வேண்டியிருக்கிறது.

வாப்பாவுக்குக் கால் விழுந்துவிட்டது என்று தந்தி வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. தீபாவளிக்கு முந்திய வாரம். நம் கடையில் அந்த வாரத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துச் சனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை புதுத் துணி எடுக்க வரும்போது கதவைச் சாத்தினால் அப்புறம் வருஷம் முழுக்கச் சாத்த வேண்டியதுதான். கடையில் நின்றே தவித்துக்கொண்டிருந்தபோது, கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர்தான் சொன்னார்: "ஏன் மொதலாளி கவலப்படுறீங்க? ரத்மலானையில பிளேன் ஏறுனா திருச்சியில எறங்கலாம். ரெண்டு மணி நேரங்கூட ஆகாது. மூணு நாள்ல போய்ட்டு வந்துடலாம்." எனக்கு நம்ப முடியவில்லை. பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். உன் உம்மா ஓடிப்போய், வழக்கம்போலக் கல்லான பேரிக்காயாகப் பார்த்து வாங்கி, வைக்கோல் வைத்து அடுக்கிக் கொடுத்தாள்.

போகிறதுக்கு முன்னால் நம் பள்ளிவாசல் லெப்பையிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். வீட்டை விட்டுத் தூரம் போகிற பயணிக்கு, நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று, தொழ வேண்டிய வேளையில் இரண்டாகச் சுருக்கிக்கொள்ள மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. போன இடத்தில் நாலு நாளுக்குக் குறைவாகத் தங்கினால் அங்கேயும் அந்தச் சலுகை உண்டு. அப்படிப்பட்டவனை முசாபிர் என்போம். சொந்த ஊருக்குள் கால் வைத்தவுடனே அவன் முசாபிர் இல்லை, நாலும் தொழ வேண்டும். லெப்பை என்னிடம் கேட்டார்: "ஒங்க சொந்த ஊர் இப்ப எதுங்க, மொதலாளி?" கச்சேரியில் சொன்னதையே சொன்னேன். "அப்படின்னா அங்க நீங்க முசாபிர்தான். வீட்டுல தனியாத் தொழுதா ரெண்டாச் சுருக்கிக்கலாம். ஆனா, ஊர்க்காரர் ஒருத்தர் முன்னால நின்னு தொழ வைக்க, நீங்க பின்னால நின்னா மட்டும் அவரோட சேந்து நாலும் தொழணும்" என்றார். அதுவரை நான் போனதெல்லாம் மாதக்கணக்கில் தங்கத்தான். அதனால் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பயணம் குறைந்ததால் தங்கலும் குறைந்தது, தங்கல் குறைந்ததால் நான் பிறந்த வீட்டுக்கே பயணியானேன். அப்போது இதை நான் யோசிக்கவில்லை. சட்டம் தெரிந்துகொண்ட பெருமையோடு கிளம்பினேன்.

விமானத்தில் காதை அடைக்கப் பஞ்சு கொடுத்தார்கள், வாயில் போட மிட்டாய் கொடுத்தார்கள். நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டே போனேன். உன் உம்மாவைப் புரட்டிப் போட்ட கடல் அங்கிருந்து பார்த்தால், கஞ்சி போட்டுத் தேய்க்காத நீலத் துணி மாதிரி லேசாகச் சுருங்கிக் கிடந்தது. இதற்கா அத்தனை பாடு என்று ஒரு சிரிப்பு. ஆனால் ஒன்று கவனித்தேன். இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள நேரத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஹட்டனிலிருந்து ரத்மலானைக்கு ஒரு பகல், திருச்சியிலிருந்து வாப்பாவின் வாசலுக்கு அரைப் பகல், அதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எழுதிவைத்த பலகை எந்த விமான நிலையத்திலும் இல்லை. நீயும் உன் கடிதத்தில் அதை எழுதவில்லை.

நான் போய் இறங்கியபோது வாப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாதி உடம்பாகிப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லாத்தா பெட்டியைத் திறந்து ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "என்னடா தம்பி, மலையில இருந்து கல்லக் கொண்டாந்திருக்கே?" எல்லாரும் சிரித்தோம். வாப்பாவும் சிரித்தார். "பேரிக்காய் என்ன செய்யும்? அது வந்த வேகம் அப்படி" என்றார். பிறகு மத்தியானத் தொழுகையான லுஹர் நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று நான் கை கால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து, அவர் நாற்காலிக்கு முன்னாலேயே பாயை விரித்துத் தொழுதேன். இரண்டு ரக்அத் முடித்து ஸலாம் கொடுத்தேன்.

லாத்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தம்பி, ரெண்டுலயே முடிச்சிட்டே? அசதியில மறந்துட்டியா?" என்றாள். "மறக்கல லாத்தா. நான் முசாபிர். நாலு நாளுக்குக் கொறச்சலாத்தானே தங்குறேன், சுருக்கித் தொழலாம். லெப்பைகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன். பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னேன். அவள் சிரித்தாள். "இது நல்லாருக்கே! இந்தக் கூடத்துல தவழ்ந்தவன், இந்த வீட்டுக்கே முசாபிரா?" சிரித்துக்கொண்டே வாப்பா பக்கம் திரும்பியவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். வாப்பா என்னைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பத் திரும்புறே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அப்புறம் லாத்தாவைக் கூப்பிட்டு, "அலமாரியில இருக்கிற புது விரிப்ப எடுத்து அவருக்குப் போட்டுக் குடு" என்றார்.

"அவருக்கு" என்றார், மகனே. பெற்ற மகனை அப்படிச் சொன்னார். கோபத்தில் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்றைக்கும் மறுநாளும் எனக்கு மீன் பொரித்தார்கள், விசிறினார்கள், நல்ல தட்டை எடுத்து வைத்தார்கள். வாப்பா என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. கடை எப்படி, மழை எப்படி, பிள்ளை படிக்கிறானா என்று தூரத்துச் சொந்தக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார். கிணற்றுக் கயிறு உண்மையாகவே இற்றுப் போயிருந்தது. நான் வேண்டுமென்றே அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காமல் உள்ளே வரச் சொன்னார். நான் செய்தது குற்றம் இல்லை. இன்றைக்கு எந்த ஆலிமைக் கேட்டாலும் நீ செய்தது சரி என்றுதான் சொல்வார். சரியானதைச் செய்தும் ஒரு மனிதரை அந்த அளவு நோகடிக்கலாம் என்று எனக்கு அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் விருந்தாளி எப்படி அழுவது?

கிளம்புகிற அன்று மத்தியானம் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளியில் தொழுதுவிட்டு அப்படியே கிளம்பலாம் என்று நான் தொப்பியை எடுத்தேன். வாப்பா கூப்பிட்டார். "பாய எடு. என் நாற்காலிக்குப் பின்னால விரி."

"பள்ளியில தொழுதுட்டு வந்துடுறேனே வாப்பா."

"பள்ளி இருக்கட்டும். நான் முன்னால நிக்கிறேன். நீ பின்னால நில்லு."

நிற்கிறேன் என்றார், எழுந்திருக்க முடியாத மனிதர். நானும் லாத்தாவின் மகனும் சேர்ந்து நாற்காலியைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தோம். அவர் உட்கார்ந்தபடியே தக்பீர் கட்டினார், நான் பின்னால் நின்று கட்டினேன். லாத்தா கதவோரத்தில் நின்று கட்டினாள். இரண்டு ரக்அத் முடிந்தது, இருப்பில் உட்கார்ந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லெப்பை சொன்னது எனக்குப் புதுச் செய்தி. வாப்பாவுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த செய்தி. அவர் ஊர்க்காரர், அவர் பின்னால் நான் நின்றுவிட்டேன். "அல்லாஹு அக்பர்" என்று அவர் குரல் மூன்றாவது ரக்அத்துக்கு எழுப்பியது. எழுந்தேன். நாலாவதும் தொழுதேன். அந்த வீட்டில் அன்றைக்கு நான் பயணியாகத் தொழவில்லை.

ஸலாம் கொடுத்துவிட்டு, கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "தீவாளி யாவாரத்த மச்சான நம்பி விட்டுட்டு வந்து நிக்கிறியே, புத்தி இருக்காடா ஒனக்கு? போற வழியில கயித்துக்கடையில ஒரு கெணத்துக் கயிறு வாங்கிக் குடுத்துட்டுப் போ. ரெண்டு நாளா அதப் பாத்துக்கிட்டே நிக்கிறே, கண்ணு தெரியல?" என்று திட்டினார். நான் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். வண்டிக்காரர் வாசலில் மணி அடித்துக்கொண்டே இருந்தார். பேரிக்காய் நான் கிளம்பி நாலைந்து நாளில் பழுத்ததாக லாத்தா பிறகு எழுதினாள். வாப்பா ஒரு பழம் முழுக்கச் சாப்பிட்டாராம். அதுதான் நான் அவருக்குக் கொண்டுபோன கடைசிப் பேரிக்காய். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவர் மவுத்தாகிவிட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புத் துறைமுகத்தில் உன்னைக் கப்பல் ஏற்றிவிட்ட அன்று, கொழுந்து எடுக்கிற பெண்கள் தலையில் போடுகிற கறுப்புக் கம்பளி ஒன்றை உன் பெட்டியில் திணித்தேன். "இதப் போய் யாராவது லண்டனுக்குக் கொண்டுபோவாங்களா வாப்பா?" என்று முகத்தைச் சுளித்தாய். முதல் குளிரிலேயே அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதினாய். அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் ஹட்டன் இருந்தது. ஸ்டேஷன் மணி, பள்ளி மாடிப்படி, மல்லியப்பூச் சந்தியில் வடை. அடுத்தடுத்த கடிதங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதில் தப்பில்லை. நானும் வாப்பாவுக்கு அப்படித்தான் எழுதினேன். முதலில் கிணற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் கேட்பேன், பிறகு கடையைப் பற்றி மட்டும் சொல்வேன். அவர் வாயைத் திறந்து கேட்காத கேள்வியை இப்போது நான் கேட்காமல் வைத்திருக்கிறேன். மறைத்து என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. நீ வரமாட்டாயோ என்ற பயம் இல்லை. நீ வந்து, நல்ல தட்டில் சாப்பிட்டு, எல்லாரிடமும் நல்லபடியாகப் பேசிவிட்டு, விருந்தாளியாகவே திரும்பிப் போய்விடுவாயோ என்ற பயம்.

அந்தக் குடியுரிமைப் பத்திரத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்று எழுதினாயே, நன்றாக யோசி. அதிலும் உன் ஊர் எது என்ற கேள்வி ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். எனக்காகப் பொய் எழுதாதே. உன் வேலை அங்கே, நாளைக்கு உன் பிள்ளைகள் அங்கே என்று உன் மனசு சொன்னால் லண்டன் என்றே எழுது. உடனே எழுத வராவிட்டால் கொஞ்ச நேரம் மழையில் நடந்துவிட்டு வந்து எழுது, அங்கேயும் மழைக்குப் பஞ்சமில்லை என்று கேள்வி. ஆனால் எழுதிவிட்ட பிறகு, என்னிடம் அதைக் கடித ஓரத்தில் நெருக்கி எழுதாதே. நடுப்பக்கத்தில் எழுது. உன் உம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். அழுவாள், அப்புறம் லண்டனில் பேரிக்காய் கிடைக்குமா என்று கேட்பாள்.

வருகிற காரியத்தை மறந்துவிடாதே. கம்பளையிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கும்போது, வாசலில் அவர் காலைக் கழுவி உள்ளே அழைக்கப் பெண்ணின் கூடப் பிறந்தவன் நிற்க வேண்டும். உன் தங்கை அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். "லண்டன் தொரை கோட்டுப் போட்டுக்கிட்டுக் கால் கழுவுறதப் பாக்கணும் வாப்பா" என்கிறாள். கோட்டைக் கழற்றிவிட்டே கழுவு. யாருக்கும் எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். உன் உம்மாவுக்கு மட்டும் ஒரு கம்பளிக் காலுறை போதும், இந்தக் குளிரில் அவளுக்குக் கால் மரத்துப்போகிறது. நீ வருகிறாய் என்று அவள் நேற்றே மார்க்கெட்டில் சொல்லி வைத்துவிட்டாள், இந்தத் தடவை பேரிக்காய் பழுத்ததாகவே வேண்டும் என்று. மூன்று நாள் கணக்கு அவளுக்கும் மனசில் பட்டிருக்கிறது. வெளியே சொல்லமாட்டாள்.

எனக்கு இப்போது முழங்கால் சரியில்லை. பள்ளிவாசல் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அதனால் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், தோட்டத்து நாற்காலி ஒன்றைக் கிப்லாப் பக்கம் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். நீ கட்டுநாயக்காவில் இறங்கி, கண்டி வழியாகவோ அவிசாவளை வழியாகவோ வளைந்து வளைந்து மலையேறி வந்து சேரும்போது அநேகமாகச் சாயந்திர அஸர் தொழுகை நேரமாக இருக்கும். உளூச் செய்துவிட்டு நேரே உள்ளே வா. உன் உம்மா கதவோரத்தில் நிற்பாள், எத்தனை ரக்அத் என்று எண்ணவும் செய்வாள், அவளை ஒன்றும் சொல்லாதே. நீ முசாபிரா இல்லையா என்று எந்த லெப்பையிடமும் கேட்டுக்கொண்டு வராதே. பாயை என் நாற்காலிக்குப் பின்னால் விரித்து நில். நான் உன்னைக் கேட்கமாட்டேன். பின்னால் நிற்கிறவன் எத்தனை மைல் தாண்டி வந்தான், எத்தனை நாளில் போகிறான் என்பது அப்போது ஒரு கணக்கே இல்லை. முன்னால் இருக்கிறவன் ஊர்க்காரனா என்பதுதான் கணக்கு. நான் ஹட்டன்காரன். நீ நாலும் தொழலாம். தொழுது முடித்ததும் உன்னைத் திட்டுவதற்கு ஏதாவது ஒன்றை நான் இப்போதிருந்தே தேடி வைக்கிறேன்.

உன் வாப்பா